33 வயதில் வின்ஸ் வில்ஃபோர்க்: வைத்துக்கொள்வதா, விடுவதா?

2015 பிப்ரவரி 1 அன்று அரிசோனாவில் நடந்த, அமெரிக்கக் கால்பந்து லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி சியாட்டில் சீஹாக்ஸை 28-24 என்ற கணக்கில் வென்றது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் அதே அணி வென்ற கோப்பையிலும் பங்கு பெற்று, இந்தக் கோப்பையிலும் பங்கு பெற்ற வீரர்கள் இருவரே. ஒருவர், பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி. மற்றவர் தற்காப்பு வரிசையின் நடுவில் நிற்கும் வின்ஸ் வில்ஃபோர்க். கோப்பை வந்து ஐந்து வாரம்கூட ஆகாத நிலையில், மார்ச் 5ஆம் தேதி, தம் ஒப்பந்தத்தில் அடுத்த ஆண்டுக்கு இருந்த ஆப்ஷனை, அதாவது ஒப்பந்தத்தை நீட்டிக்கும் உரிமையை, அணி எடுத்துக்கொள்ளப் போவதில்லை என்பதை வில்ஃபோர்க்கே ரசிகர்களுக்குத் தெரிவித்தார். அப்போது அவருக்கு வயது 33.

வயதாகிவிட்டது, அனுப்பிவிட்டார்கள் என்று இந்தக் கதையை ஒரே வரியில் முடித்துவிடுவோர் உண்டு. அப்படி முடித்துவிட்டால், அதற்கு முந்தைய ஆண்டு நடந்ததை விளக்க வழியில்லாமல் போகும். 2014 மார்ச்சில் வில்ஃபோர்க் குதிகால் தசைநாண் அறுந்து, அறுவை சிகிச்சை செய்துகொண்டு, மீண்டும் ஓடுவாரா என்பதே தெரியாத நிலையில் இருந்தார். அப்போது அணி அவரை வைத்துக்கொண்டது. 2015 மார்ச்சில் அவர் ஒரு ஆட்டத்தையும் தவறவிடாமல் முழுப் பருவத்தையும் ஆடி முடித்துக் கோப்பையுடன் நின்றார். அப்போது அணி அவரை விட்டுவிட்டது. உடல் கெட்டிருந்தபோது வைத்துக்கொண்டு, உடல் தேறியபின் விட்டது ஏன் என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

இங்கே பேசப்படுவது நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஆடும் அமெரிக்கக் கால்பந்து. அதில் நோஸ் டேக்கிள் எனப்படுபவர் பந்துக்கு நேர் எதிரே, பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் எதிரணி சென்டருக்கு முகத்தோடு முகமாகக் குனிந்து நிற்பவர். வில்ஃபோர்க்கின் எடை ஏடுகளில் 325 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 147 கிலோ. உயரம் 6 அடி 2 அங்குலம். பேட்ரியட்ஸ் பயிற்சியாளர் பில் பெலிச்சிக்கின் பழைய முறைப்படி அவருக்கு இருந்த வேலை, சென்டரைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அவருடைய இரண்டு தோள்பக்கத்து இடைவெளிகளையும் ஒரே ஆளாகக் காப்பது. பந்து எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்த பிறகுதான் அவர் சென்டரை உதறிவிட்டு அந்தப் பக்கம் சாய வேண்டும். அவரை அசைக்க எதிரணி இரண்டு பேரைச் செலவிட்டால், பின்னால் நிற்கும் லைன்பேக்கருக்குத் தடுப்பார் இல்லாமல் வழி திறக்கும். அந்த லைன்பேக்கர் ஓட்டக்காரரை வீழ்த்துவார். கணக்கேட்டில் அவர் பெயர் ஏறும். நடுவில் இரண்டு பேரைச் சுமந்துகொண்டு கிடந்தவரின் பெயர் எங்கும் ஏறாது.

ஆகவே இந்த இடத்தில் ஆடுபவருக்கு வயதாகிறதா என்பதை எண்களிலிருந்து படிப்பது கடினம். பதின்மூன்று பருவங்களில் வில்ஃபோர்க் குவார்ட்டர்பேக்கை வீழ்த்திய சாக் கணக்கு மொத்தமே 16. ஓரத்திலிருந்து பாய்ந்து வரும் வீரர்களில் சிறந்தவர்கள் ஒரே பருவத்தில் எட்டக்கூடிய எண் அது. அதை வைத்து அவரை எடைபோடுவது, அடுப்பு மூட்டியவரை விட்டுவிட்டுப் பரிமாறியவரை எண்ணுவது போன்றது.

தேய்மானமும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் வருவதில்லை. ஓரத்தில் ஆடுபவருக்கு முதல் அடியின் வேகம்தான் மூலதனம். அது முப்பதை ஒட்டிக் கரையத் தொடங்கினால் அவரிடம் மிஞ்சுவது குறைவு. நடுவில் நிற்பவருக்கு இடுப்பின் பலமும், கையை எங்கே வைப்பது என்ற பழக்கமும், எதிராளியின் தோள் சாயும் கோணத்தைப் பார்த்தே பந்து போகும் திசையை அறியும் அனுபவமும் மூலதனம். இவை மெதுவாகவே குறைகின்றன. பேட்ரியட்ஸுக்கே இதில் பட்டறிவு உண்டு. 2003 பருவத்தின் கோப்பையை வென்றபோது அந்த அணியின் நடுவில் நின்ற டெட் வாஷிங்டனுக்கு வயது 35. அடுத்த ஆண்டு அவர் ஓக்லாந்துக்குப் போய்விட, புதுமுகங்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் அந்த ஆண்டு டிராஃப்டில் 21ஆவது இடத்தில் அணி தேர்ந்தெடுத்தவர்தான் வில்ஃபோர்க். தம் முதல் பருவத்தில் அவர் 35 வயதை எட்டிய கீத் டிரெய்லருடன் மாறிமாறி ஆடிப் பழகினார். ஒரு கிழவர் வெளியேறிய வாசல் வழியாக உள்ளே வந்து, இன்னொரு கிழவரின் பக்கத்தில் நின்று தொழில் கற்றவர் அவர்.

காயமும் அதன் விலையும்

2013 செப்டம்பர் 29 அன்று அட்லாண்டாவில் நடந்த ஆட்டத்தின் தொடக்கத்திலேயே வில்ஃபோர்க்கின் வலது குதிகால் தசைநாண் அறுந்தது. காலை ஊன்றி எம்புவதற்கு அந்தத் தசைநாண்தான் வேண்டும். 147 கிலோ எடையைக் குனிந்த நிலையிலிருந்து முன்னோக்கி உந்துபவருக்கு, முழங்கால் காயத்தைவிடவும் இது அஞ்சத்தக்கது.

அவர் இல்லாத பேட்ரியட்ஸ் அந்தப் பருவத்தில் எதிரணி பந்தை ஏந்தி ஓடும் ஓட்டத் தாக்குதலுக்கு ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 134 கெஜம் விட்டுக்கொடுத்து, 32 அணிகளில் 30ஆவது இடத்துக்குச் சரிந்தது. நவம்பர் 24 இரவு டென்வர் பிராங்கோஸ் அணி அவர்கள் மீது 280 கெஜம் ஓடியது. நோஷான் மொரேனோ ஒருவரே 37 முறை பந்தை ஏந்தி 224 கெஜம் எடுத்தார். வில்ஃபோர்க் இல்லாத குறையைச் சொல்ல வருகிறவர்கள் எடுத்துக்காட்டும் ஆட்டம் இது. ஆனால் அந்த இரவைச் சற்று நின்று பார்க்க வேண்டும். டென்வர் குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங்கின் எறிதலுக்கு அஞ்சிய பெலிச்சிக், நடுவில் ஆள் குறைத்துப் பின்புறம் ஆள் கூட்டி, ஓடுவதானால் ஓடிக்கொள் என்று வழிவிட்டே ஆடினார். மேனிங் அன்று எறிந்து எடுத்தது 150 கெஜம் மட்டுமே. 24-0 என்று பின்தங்கியிருந்த பேட்ரியட்ஸ் கடைசியில் கூடுதல் நேரத்தில் 34-31 என்று வென்றது. மேலும் அந்தப் பருவத்தில் வில்ஃபோர்க் மட்டும் விழவில்லை. அவர் பக்கத்தில் ஆடிய டாமி கெல்லியும், பின்னால் நின்ற லைன்பேக்கர் ஜெராட் மேயோவும் அடுத்த சில வாரங்களுக்குள்ளேயே காயத்தால் விலகினார்கள். 30ஆவது இடம் என்ற சரிவை ஒரே ஆள் தலையில் ஏற்றுவது அவருக்குப் புகழாக இருக்கலாம், கணக்காகாது.

2014 மார்ச்சில் அணியின் முன் இருந்தது வேறொரு எண். அந்த ஆண்டு ஒவ்வொரு அணியின் சம்பள உச்சவரம்பு 13.3 கோடி டாலர். அதில் வில்ஃபோர்க் ஒருவர் பெயரில் மட்டும் 1.16 கோடி டாலர் எழுதப்பட்டிருந்தது. சம்பளத்தைக் குறைக்கச் சொன்ன அணியிடம் அவர் தம்மை விடுவித்துவிடும்படி கேட்டதாகவும், உடைமாற்றும் அறையில் தம் பெட்டகத்தைக் காலி செய்ததாகவும் செய்திகள் வந்தன. ஆனாலும் அந்த மாத முடிவுக்குள் இருதரப்பும் புதிய ஏற்பாட்டுக்கு வந்தன: நிச்சயச் சம்பளம் குறைந்தது, ஆடினால் கிடைக்கும் தொகையும், எவ்வளவு ஆடுகிறார் என்பதைப் பொறுத்த ஊக்கத்தொகையும் அதன் இடத்தை நிரப்பின. அறுந்த தசைநாணின் ஆபத்தை அணி ஒரு பங்கும் வீரர் ஒரு பங்குமாக ஏற்றுக்கொண்டார்கள் என்று இதைப் படிக்கலாம். அணி தன் பங்குக்குக் காப்பும் தேடிக்கொண்டது. அந்த ஆண்டு டிராஃப்டின் முதல் சுற்றில் 29ஆவதாக அது எடுத்த டாமினிக் ஈஸ்லியும் தற்காப்பு வரிசைக்காரரே.

அந்த ஒரு பருவம்

2014 பருவம் இந்த வழக்கின் மையம் என்பதால் அதை விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது. மூன்றாவது ஆட்டத்தில் ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணி 16-9 என்று பின்தங்கியிருந்து, கடைசி நிமிடத்தில் எல்லைக் கோட்டை நெருங்கிவிட்டது. புதுமுக குவார்ட்டர்பேக் டெரிக் கார் எறிந்த பந்தை லோகன் ரயன் தட்டிவிட, அது சுழன்று விழுந்த இடம் வில்ஃபோர்க்கின் கைகள். ஓராண்டுக்கு முன் குதிகால் தசைநாண் அறுந்த 147 கிலோ மனிதர் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றதோடு ஆட்டம் முடிந்தது. அரங்கம் கொண்டாடியது. ஆனால் ஒரு மதிப்பீட்டாளர் அந்தக் காட்சியைத் தம் குறிப்பேட்டில் எழுதக் கூடாது. பந்து யார் கையிலும் விழுந்திருக்கலாம்.

எழுத வேண்டியது அடுத்த வாரம் நடந்தது. தசைநாண் அறுந்து சரியாக ஓராண்டு நிறைந்த 2014 செப்டம்பர் 29 அன்று கான்சஸ் சிட்டியில் பேட்ரியட்ஸ் 41-14 என்று நொறுங்கியது. எதிரணி 207 கெஜம் ஓடியது. அக்டோபர் 16 அன்று நியூயார்க் ஜெட்ஸ் அவர்கள் மீது 218 கெஜம் ஓடியது. அந்த ஆட்டத்தை 27-25 என்று தப்பித்துத்தான் வென்றார்கள். இந்த இரண்டு இரவுகளோடு பருவம் நின்றிருந்தால், 2014 மார்ச்சில் அவரை வைத்துக்கொண்டது தவறு என்றே எல்லோரும் எழுதியிருப்பார்கள்.

நவம்பர் 16 அன்று இந்தியானாபொலிஸில் கோல்ட்ஸ் அணியால் ஓடி எடுக்க முடிந்தது 19 கெஜம். 218 எங்கே, 19 எங்கே! கோல்ட்ஸ் ஓட்டத்தில் பேர்பெற்ற அணி அல்ல என்பதையும், பின்தங்கிய அணி ஓடுவதை விட்டு எறியத் தொடங்கும் என்பதையும் கழித்துக்கொண்டாலும், இடையில் ஏதோ மாறியிருக்கிறது. கால் நாளுக்கு நாள் தேறிவந்தது ஒன்று. மற்றொன்று, அக்டோபர் இறுதியில் வந்து சேர்ந்த ஆலன் பிராஞ்ச் என்ற பருத்த, அனுபவமுள்ள லைன்மேன். பருவம் தொடங்குமுன் பஃபலோ அணி கைவிட்ட ஆள் அவர். செப்டம்பரில் காயமுற்று விலகியிருந்த சீல்வர் சிலிகாவும் பருவத்தின் பிற்பகுதியில் திரும்பினார். பக்கத்தில் தாங்க ஆள் வந்ததும் வில்ஃபோர்க்கின் மீது ஏறும் சுமை குறைந்தது. மூச்சு வாங்க வெளியே உட்காரவும் நேரம் கிடைத்தது. பருவ முடிவில் அணியின் ஓட்டத் தற்காப்பு 104 கெஜச் சராசரியுடன் 9ஆவது இடத்தில் இருந்தது.

இங்கேதான் என் கணிப்பு மற்றவர்களிடமிருந்து விலகுகிறது. வில்ஃபோர்க் மீண்டெழுந்தார் என்பதற்குச் சான்றாக இந்த மாற்றத்தைச் சொல்வார்கள். எனக்கு அது அவரை விடுவதற்கான சான்றாகவும் தெரிகிறது. தனியாக நின்று ஒரு தற்காப்பைத் தாங்கிய 2011, 2012ஆம் ஆண்டுகளின் வில்ஃபோர்க் வேறு. நல்ல துணை இருந்தால் நன்றாக ஆடும் 2014இன் வில்ஃபோர்க் வேறு. 2012இல் லீகின் சிறந்த வீரர்களைப் பட்டியலிடும் முதல் ஆல்-புரோ அணியில் இடம்பெற்றவருக்குக் கொடுக்கும் விலையை, துணை தேவைப்படுபவருக்குக் கொடுக்க முடியாது. அந்தத் துணையோ, வழியில் போனவரைக் கூப்பிட்டு உள்ளே சேர்த்தாற்போல் அக்டோபரில் கிடைத்துவிட்டது.

விட்டுவிட்டு எதை வாங்கினார்கள்

2015க்கான ஆப்ஷனை எடுக்காமல் விட்டதால் சம்பள உச்சவரம்பில் பேட்ரியட்ஸுக்கு மிச்சமானது ஏறத்தாழ 80 லட்சம் டாலர். உச்சவரம்பு அந்த ஆண்டு 14.3 கோடியாக உயர்ந்திருந்தாலும் செலவும் காத்திருந்தது. பின்தற்காப்பின் தலைவர் டெவின் மெக்கோர்ட்டிக்கு ஐந்தாண்டுக்கு 4.75 கோடி டாலர் ஒப்பந்தம் அதே மாதத்தில் போடப்பட்டது. கிளீவ்லாந்திலிருந்து வந்த 25 வயது ஜபால் ஷீர்டுக்கு இரண்டு ஆண்டுகளுக்குச் சேர்த்தே 1.1 கோடிதான், ஆண்டுக்கு 55 லட்சம் என்று வைத்துக்கொண்டால், வில்ஃபோர்க்கை விட்டு மிஞ்சிய பணத்தில் அவருக்குக் கொடுத்த பிறகும் கையில் காசு நின்றது. ஷீர்ட் முதல் பருவத்தில் 8 சாக் எடுத்தார். பிராஞ்சும் திரும்ப ஒப்பந்தம் செய்யப்பட்டார். அப்போது அவருக்கு 30 வயது என்பதைக் கவனிக்க வேண்டும். வயதானவரே வேண்டாம் என்று அணி முடிவெடுத்திருந்தால் பிராஞ்சை வைத்திருக்காது. வயதானவருக்கு இந்த விலை வேண்டாம் என்றுதான் முடிவெடுத்தது.

ஏப்ரல் இறுதியில் நடந்த டிராஃப்டில், கோப்பை வென்ற அணிக்குரிய கடைசி இடமான 32ஆவது இடத்தில், டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் மால்கம் பிரவுன் எடுக்கப்பட்டார். வில்ஃபோர்க்கின் இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்கள் என்று எழுதினார்கள். ஆனால் காலவரிசை அதற்கு எதிராக இருக்கிறது. மார்ச் 5 அன்று, 32ஆவது இடம்வரை பிரவுன் மிஞ்சியிருப்பார் என்பது யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. வில்ஃபோர்க்கை விட்டபோது அணியிடம் இருந்தது பிராஞ்ச், சிலிகா, ஈஸ்லி போன்றோர் மட்டுமே. அதில் முழு நம்பிக்கைக்குரிய ஒருவரும் இல்லை. இந்த முடிவில் துணிச்சல் என்று ஏதாவது இருந்தால் அது இந்த எட்டு வார இடைவெளிதான்.

துணிச்சலுக்கு முன்மாதிரியும் உண்டு. 2009 செப்டம்பரில், பருவம் தொடங்கச் சில நாட்களே இருக்கையில், மூன்று கோப்பைகள் வென்ற லைன்மேன் ரிச்சர்ட் சீமோரை ஓக்லாந்துக்குக் கொடுத்து, 2011 டிராஃப்டின் முதல் சுற்றுத் தேர்வு ஒன்றை பெலிச்சிக் வாங்கினார். 17ஆவதாக வந்த அந்தத் தேர்வில் எடுக்கப்பட்ட நேட் சோல்டர் பல ஆண்டுகள் பிரேடியின் இடப்பக்கத்தைக் காத்தார். சீமோருக்கு அப்போது 30 வயதே நிறையவில்லை. வில்ஃபோர்க்கின் விஷயத்தில் அணி அதே வழியில் போகவில்லை. 2010இல் ஐந்தாண்டுக்கு 4 கோடி டாலர் கொடுத்து வைத்துக்கொண்டது. சீமோரை விட்டதும் வில்ஃபோர்க்கை வைத்ததும் ஒரே கையின் இரு முடிவுகள் என்பதால், பெலிச்சிக் முப்பது வயதைக் கண்டாலே வெட்டுபவர் என்ற பேச்சு பாதி உண்மைதான். நடுவில் நிற்பவரின் உடல் மெதுவாகத் தேயும் என்பதை அவர் தெரிந்தே அந்தப் பணத்தைக் கொடுத்தார் என்று நினைக்கிறேன்.

எதிர்வாதத்தையும் உரிய எடையுடன் வைக்க வேண்டும். வில்ஃபோர்க் பல ஆண்டுகள் அணியின் தலைவர்களில் ஒருவர். இளையவர்கள் அவரைப் பார்த்தே பயிற்சிக்கு எப்படி வருவது என்று கற்றார்கள். அந்தச் சூப்பர் பவுலுக்கு இரண்டு வாரம் முன்பு, கோல்ட்ஸை 45-7 என்று வென்றுவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பும் வழியில் கவிழ்ந்து கிடந்த காரைக் கண்டு, உள்ளே சிக்கியிருந்த பெண்ணை வெளியே எடுக்க உதவியவர். இப்படிப்பட்ட ஒருவர் உடைமாற்றும் அறையில் இருப்பதன் மதிப்பு பூஜ்யம் என்று சொல்பவர் அணியில் ஆடியிருக்க மாட்டார். ஆனால் அந்த மதிப்பைச் சம்பளப் பட்டியலில் எங்கே எழுதுவது என்பதற்கு எனக்கு இன்றுவரை நேர்மையான வழி தென்படவில்லை. குறைந்த சம்பளத்துக்கு இருக்கச் சொல்லலாமே என்பார்கள். ஓராண்டுக்கு முன் ஒருமுறை குறைத்துக்கொண்டவரிடம், கோப்பை வென்ற மறுமாதமே மறுபடி குறைக்கச் சொன்னால், அவர் தங்கினாலும் மனக்கசப்போடு தங்குவார். அப்படித் தங்குபவரால் அறைக்கு என்ன நன்மை?

அவரோ நடுத்தெருவில் நிற்கவில்லை. ஹூஸ்டன் டெக்சன்ஸ் இரண்டு ஆண்டுகளுக்கு 90 லட்சம் டாலர்வரை கிடைக்கும் ஒப்பந்தத்தைக் கொடுத்தது. அங்கே தலைமைப் பயிற்சியாளர் பில் ஓ'பிரையன் பேட்ரியட்ஸிலிருந்து போனவர். தற்காப்பைப் பார்த்துக்கொண்ட ராமியோ கிரெனல், 2004இல் வில்ஃபோர்க் புதுமுகமாக வந்தபோது அதே வேலையை பேட்ரியட்ஸில் பார்த்தவர். லைன்பேக்கர் பயிற்சியாளர் மைக் வ்ரேபல் அவருடைய பழைய அணித்தோழர். வேறு ஊர், ஆனால் தெரிந்த வீடு. இரண்டு பருவமும் அணி கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்குப் போனது. சாக் கணக்கில் மட்டும் அவர் பெயருக்கு நேரே ஒன்றும் ஏறவில்லை. அதைக் குறையாகச் சொல்லக் கூடாது என்பதை முன்னரே சொல்லிவிட்டேன்.

பேட்ரியட்ஸின் பக்கம் 2015இல் ஓட்டத் தற்காப்பு 99 கெஜச் சராசரிக்கும், 2016இல் 89க்கும் இறங்கியது. 2015 பருவம் டென்வரில் 20-18 என்று தோல்வியில் முடிந்தபோது, வில்ஃபோர்க் இருந்திருந்தால் என்று ஏங்கியவர்கள் உண்டு. ஆனால் அன்று அணி தோற்றது தற்காப்பால் அல்ல. பிரேடியைக் காக்க வேண்டியவர்கள் அவர் இருபது முறை அடிவாங்கும்படி விட்டதால்.

2017 ஜனவரி 14 அன்று டெக்சன்ஸ் பிளேஆஃப் ஆட்டத்துக்கு பேட்ரியட்ஸின் சொந்த அரங்கத்துக்கே வந்தது. பேட்ரியட்ஸ் 34-16 என்று வென்றது. வில்ஃபோர்க் ஆடிய கடைசி ஆட்டம் அது. எதிரே, அவர் விட்டுப்போன இடத்தில், பிராஞ்சும் பிரவுனும் நின்றார்கள். மூன்று வாரத்தில் அவர்கள் கையில் கோப்பை இருந்தது. ஆகஸ்டில் வில்ஃபோர்க் ஓய்வை அறிவித்தார். இறைச்சி வாட்டும் கரி விற்கும் ஒரு நிறுவனத்தின் விளம்பரப் படமாக, சிரித்துக்கொண்டே வந்தது அந்த அறிவிப்பு. பேட்ரியட்ஸ் வீரராகவே ஓய்வு பெறுவதற்காக அதே வாரம் பழைய அரங்கத்துக்குத் திரும்பினார். 2022இல் அந்த அணியின் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்.

பிரவுன் பேட்ரியட்ஸுடன் இரண்டு கோப்பைகள் வென்றார். அவருடைய ஒப்பந்தத்திலும் ஐந்தாம் ஆண்டுக்கு ஓர் ஆப்ஷன் இருந்தது. 2018இல் அணி அதை எடுக்கவில்லை. இரண்டாவது கோப்பை வந்த அடுத்த மாதம், 25 வயதில், அவர் நியூ ஆர்லியன்ஸுக்குப் போனார்.